இடைசெவல் வரைக்கும் ஓட்டம்

எங்கள் வீட்டுக்காரர் பூவனநாதன் நாற்பத்தாறு வயது வரைக்கும் எதற்காகவும் ஓடியதில்லை. மழைக்குக்கூட ஓடமாட்டார். கொடியில் கிடக்கிற துணி நனைகிறதே என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன்; அவர் செருப்பை ஒழுங்காக மாட்டிக்கொண்டு, படியிறங்கி, நடந்து போய் எடுத்து வருவார். "நனைஞ்ச துணி நாளைக்குக் காஞ்சிரும்ட்டி, எதுக்கு இந்தப் பாடு?" என்று என்னையே கேட்பார். அப்பேர்ப்பட்ட மனுசன் கோவில்பட்டியில் அரைக்கால் டிரவுசரோடு ரோட்டில் ஓடினார் என்றால் ஊர் சிரிக்குமா, சிரிக்காதா? சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அவருக்கு ஒரு நூல் மில்லில் ஸ்டோர் கீப்பர் வேலை. மிஷினுக்கு வேண்டிய சாமான்களை எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம். சாமான் வேண்டியவர்கள் இவர் மேஜையைத் தேடி வருவார்கள். இவர் எழுந்து யாரையும் தேடிப் போகவேண்டியதில்லை. மேஜை டிராயரில் எந்நேரமும் ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலம் இருக்கும். இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், பொங்கல் கழிந்த கையோடு, மில் வாசலிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் எபநேசர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது.

"நடக்கச் சொன்னா நீங்க நடக்கமாட்டிய, பூவனநாதன். நடந்துக்கிட்டே டீக்கடைக்குள்ள போயிருவிய" என்றார் டாக்டர். அவருக்கு எங்களைப் பல வருஷமாகத் தெரியும். "ஓடுங்க. மெதுவா ஓடுங்க. ஓடுதவனை யாரும் டீ குடிக்கக் கூப்பிடமாட்டாங்க."

"இந்த வயசுல ஓடவா டாக்டர்?"

"மொத்தத் தூரத்தையும் நினைச்சாத்தான் மலைப்பா இருக்கும். ஒரு லைட் போஸ்ட்டைக் குறி வச்சுக்கோங்க. அது வரைக்கும் ஓடுங்க. அது பழகினதும் அடுத்த போஸ்ட்டு. எவ்வளவு தூரம்னு யோசிக்காதிய, அடுத்தது எதுன்னு மட்டும் பாருங்க."

இந்த வார்த்தை இவர் மண்டையில் ஆணி அடித்தாற்போல இறங்கிவிட்டது. நான் எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறேன், ஒன்றாவது இறங்கியிருக்குமா?

முதல்நாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். இரண்டாவது போஸ்ட்டைத் தாண்டுவதற்குள் வேட்டி அவிழ்ந்துவிட்டது. அன்று சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போய் ஒரு நீல டிரவுசரும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும் வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் விடியற்காலையில் அந்தக் கோலத்தில் வந்து என் முன்னால் நின்றார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அந்த முழங்கால்களைச் சூரிய வெளிச்சத்தில் நான் பார்த்ததேயில்லை.

"ஏங்க, பின்வாசல் வழியாப் போயிருங்க. முன்னால கோலம் போட ஆளுக நிக்காங்க" என்றேன்.

"நான் என்ன களவாங்கவா போறேன்?" என்று முன்வாசல் வழியாகவே போனார்.

எங்கள் பக்கத்தில் வளர்ந்த ஆம்பளை ரோட்டில் ஓடினால் காரணம் இரண்டே இரண்டுதான். வீட்டில் யாருக்கோ முடியவில்லை, இல்லாவிட்டால் பஸ் கிளம்பிவிட்டது. மூன்றாவதாக ஒரு காரணம் யாருக்கும் தோன்றாது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து, "என்ன அண்ணாச்சி, யாருக்கு என்ன?" என்று கூடவே நாலு எட்டு ஓடினார்கள். ஒருவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து, "கேரியர்ல ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குத்தான?" என்றார். திருநெல்வேலி ரோட்டில் போகிற டவுன் பஸ் இவரைத் தாண்டிப் போய் டக்கென்று நின்றது. கண்டக்டர் மந்திரமூர்த்தி படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "வாங்க அண்ணாச்சி, வாங்க, நிப்பாட்டியாச்சு, பதறாம வாங்க!" என்று கையை ஆட்டினார். பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் ஜன்னலுக்கு வெளியே வந்துவிட்டது.

இவரால் ஓடவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. "நான் பஸ்ஸுக்கு ஓடலைப்பா. சும்மா ஓடுதேன்" என்றார்.

"சும்மா ஓடுதியளா? சும்மா எதுக்கு அண்ணாச்சி ஓடணும்?"

வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னபோது நான் தோசைக்கரண்டியோடு தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டார். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து அப்போது ரொம்ப நாளாகியிருந்தது.

லைட் போஸ்ட்டெல்லாம் சித்திரைக்குள் முடிந்துபோயின. அப்புறம் பெட்ரோல் பங்க். அப்புறம், குச்சியை வெயிலில் காயப்போட்டிருக்கும் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். அப்புறம் ஒற்றைப் புளியமரம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பிட உட்காரும்போது, அந்த வாரத்துக்கான குறியை மந்திரி அறிக்கை விடுகிற மாதிரி அறிவிப்பார்: "இந்த வாரம் புளியமரம்." எங்களுக்குப் பிள்ளையில்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில், உப்பு போதுமா, தண்ணி வந்ததா என்பதற்கு மேல் பேச ஒன்றுமிருக்காது. இப்போது புளியமரத்தைப் பற்றி, அதன் நிழலைப் பற்றி, அங்கே துரத்துகிற நாயைப் பற்றிப் பேசினோம். தூரம் கூடக்கூட, போகும்போது மட்டும் ஓட்டம், திரும்பும்போது மந்திரமூர்த்தி பஸ் என்று ஆனது. "அண்ணாச்சி இன்னைக்கு எந்த ஸ்டாப்பு வரைக்கும்?" என்று கேட்டுக்கொண்டே அவர் டிக்கெட் கிழிப்பாராம், அந்தப் பக்கத்துச் சேதியும் சொல்லுவாராம். இவருக்கு அதில் ஒரு பெருமை.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அடுத்தது நாலாட்டின்புதூர் விலக்கு" என்றார்.

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. ஊருக்குள் ரோடு பிரிகிற அந்த விலக்கைத் தாண்டினால் அடுத்தது இடைசெவல்.

"ஏங்க, நம்ம ஊருக்கு வடக்க ரோடு இருக்கு. மேக்க இருக்கு. எட்டயபுரத்துக்கும் ரோடு போகுது. நீங்க எதுக்கு ஆரம்பத்துலருந்தே தெக்கயே ஓடுதிய?"

"அங்கிட்டுக் காத்து நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தார்.

காற்றாம்! கரிசல் காட்டில் ஆடிக்காற்று கண்ணில் மண்ணை வாரிப் போடும். குழம்பை ஊற்றினேன். அடுப்பங்கரைக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இடைசெவலில்தான் அவர் தங்கச்சி இசக்கிச்செல்வி இருந்தாள்.

செல்விக்கு ஏழு வயதிருக்கும்போது தாயார் காலமாகிவிட்டார். அதற்கப்புறம் அவளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதெல்லாம் இவர்தான். சடை பின்னவும் படித்துக்கொண்டார். ஒரு சடை காதுக்கு மேலேயும், இன்னொன்று காதுக்குக் கீழேயுமாக இருக்குமாம். அவள் அதோடுதான் போவாளாம். வாத்தியார் சிரித்தால், "எங்கண்ணன் போட்டது" என்பாளாம். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவள் பாவாடை தாவணியில் இருந்தாள். என்னிடம் நாத்தனார் மாதிரியே நடந்துகொள்ளவில்லை. ராத்திரியெல்லாம் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு தொணதொணவென்று பேசுவாள். இடைசெவலில் மானாவாரி நிலம் வைத்திருந்த தங்கப்பாண்டியனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம். நல்ல பையன். அதிகம் பேசமாட்டான்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து, காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் காது குத்துவது. பிள்ளையில்லாத மனுசனுக்கு அந்த மடிப்பேறு எவ்வளவு பெரிது என்று நான் சொல்லவேண்டியதில்லை. கம்மலுக்கு ஆசாரியிடம் நாலு தடவை போய்வந்தார். சீர்த்தட்டெல்லாம் எடுத்துக்கொண்டு நாங்கள் தெருமுனைக்கு வரும்போதே பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. "ஓடிப்போய்க் கையைக் காட்டுங்க" என்று கெஞ்சினேன். சீர்த்தட்டைத் தோளில் வைத்துக்கொண்டு, நாலு பேர் பார்க்க, தாய்மாமன் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுவதா? நடந்தே வந்தார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வழியில் பஞ்சர்.

நாங்கள் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. ராகுகாலம் வரப்போகிறதென்று தங்கப்பாண்டியன் வீட்டுப் பெரியவர்கள் அவசரப்பட்டிருக்கிறார்கள். இவருடைய பெரியப்பா மகன் சங்கிலிப்பாண்டி முந்தியே வந்திருந்தான். அவனும் பிள்ளைக்கு மாமன் முறைதானே என்று அவன் மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். யார் மேல் தப்பு என்று கேட்டால் ராகுகாலத்தின் மேல் என்றுதான் நான் சொல்வேன். இவர் கேட்பாரா? தட்டுகளை முற்றத்தில் இறக்கிவைத்தார். "இனிமே இந்த ஊருக்கு நான் பஸ் ஏறி வந்தேன்னா, எங்கப்பனுக்குப் பொறக்கலைன்னு வச்சுக்கோங்க!" என்று கூட்டம் பார்க்கக் கத்தினார்.

அவளும் இவர் வளர்த்தவள்தானே. அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வராட்டாப் போங்க! மாமன் வராம எம்பிள்ளை வளராமப் போயிருமா?" என்றாள். அவ்வளவுதான். ஒன்பது வருஷம்.

மற்ற நாளெல்லாம்கூடத் தள்ளிவிடலாம். தைப்பொங்கல் வந்தால்தான் வீடு மயான அமைதியாகிவிடும். எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு முன்னால் அண்ணன் தம்பிமார் கூடப்பிறந்தவளுக்குப் பொங்கப்படி கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்: பச்சரிசி, வெல்லம், கரும்புக்கட்டு, மஞ்சள்குலை, ஒரு சேலை. பொங்கப்படி வராத வீட்டுப் பெண்ணால் அக்கம்பக்கத்தில் முகம் கொடுத்துப் பேச முடியாது. இவர் ஒவ்வொரு வருஷமும் கரும்பு இரண்டு கட்டு வாங்கிவருவார். ஒன்று எங்களுக்கு. இன்னொன்று யாருக்கு என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அது சுவரில் சாய்ந்தபடியே மாசி வரைக்கும் காயும். வெட்டித் தின்னலாமே என்று நான் கையை வைத்தால், "அது கிடக்கட்டும்" என்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். கரும்பின் மேலா, அவர் மேலா, அவள் மேலா என்று தெரியாது.

நான் ஒருத்தியாகப் பஸ் ஏறிப் போய்வந்திருக்கலாம் என்பீர்கள். போனால் அவள் என்னை மதினி என்று கட்டிக்கொள்வாள், சரி. அப்புறம், பின்னாலேயே அண்ணன் வருகிறாரா என்று வாசலைப் பார்ப்பாள்.

நாலாட்டின்புதூர் விலக்கை அவர் ஐப்பசியில் பிடித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "தைப்பொங்கலுக்குள்ள இடைசெவல் போயிரணும்."

"எப்படி? பஸ் ஏறியா?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"ஓடித்தான். பஸ் ஏறி வரமாட்டேன்னுதான சொன்னேன்? ஓடி வரமாட்டேன்னு சொல்லலையே."

"நீங்க மில்லுல இருக்கவேண்டிய ஆளே இல்ல. கோர்ட்டுல இருக்கவேண்டிய ஆளு" என்றேன். வெட்கத்தில் அவர் காது சிவந்துபோனது. அன்று ராத்திரி முழுக்க அந்த ஒரு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு நான் புரண்டு புரண்டு படுத்தேன்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஐப்பசி போச்சு, கார்த்திகையும் போச்சு. ரோட்டின் இரண்டு பக்கமும் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது என்பார். உளுந்து முளைத்த அளவிலேயே கருகி நின்றதாம். சட்டிபானையைச் சாக்கில் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகத் திருப்பூர்ப் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன் என்று சொல்லுவார். நானும் உச்சுக்கொட்டுவேன். அதற்கு மேல் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் புத்தியெல்லாம் பொங்கலிலேயே இருந்தது.

கார்த்திகை நடுவிலேயே இடைசெவலுக்கு வெளியே இருக்கிற சின்னப் பாலம் வரைக்கும் வந்துவிட்டார். அதைத் தாண்டினால் ஊர். பாலத்தைத் தொட்டார், திரும்பினார். மறுநாளும் அப்படியே. அடுத்த வாரமும் பாலம்தான். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நின்றுபோனது.

"பாலத்துலருந்து அவ வீடு தெரியுதா?" என்று கேட்டேன்.

"அவ வாசல் வேப்பமரம் தெரியுது."

"அப்புறம் என்ன? அந்த மரம் வரைக்கும் ஓட வேண்டியதுதான? அதையும் ஒரு போஸ்ட்டுன்னு நினைச்சுக்கோங்க."

"மூச்சு வாங்குதுட்டி. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கிட்டுப் போயி நின்னா ஒரு வார்த்த பேச முடியாது. இன்னும் கொஞ்சம் பழகட்டும். அதோட, வெறுங்கைய வீசிக்கிட்டா போறது? பொங்கப்படியோடதான் போகணும். தை பிறக்கட்டும், அவசரமென்ன?"

அவசரமென்னவாம்! என்னால் அடக்கமுடியவில்லை. "டாக்டர் உடம்புக்குச் சொன்ன வைத்தியத்த நீங்க எல்லாத்துக்கும் பாக்குதிய. இன்னைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம்னு வச்சு ஓட்டுததுக்கு அவ என்ன சர்க்கரை வியாதியா? கூடப்பிறந்தவ! ஒரே மூச்சுல போயி நிக்கவேண்டிய இடம் அது!" என்று கத்தினேன். அவர் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பயம். எனக்குத் தெரியாதா? கதவைத் திறக்காமல் போய்விட்டாள் என்றால் என்ன செய்வது என்கிற பயம். பாலம் வரைக்கும் ஓடினால் அந்தப் பயத்துக்கு வேலை இல்லை.

மார்கழி பிறந்ததும் மந்திரமூர்த்தியை நாகலாபுரம் ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்த கண்டக்டர் இவரை ஏற இறங்கப் பார்த்துச் சில்லறை இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டாராம். அதற்கப்புறம் அந்தப் பக்கத்துச் சேதி ஒன்றும் எங்கள் காதில் விழவில்லை.

போகிக்கு முந்தின நாள் என்று முடிவானது. சாமானெல்லாம் நான் பஸ்ஸில் கொண்டுவருவது, அவர் ஓடிவருவது என்று ஏற்பாடு. விடியற்காலையில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, அந்த நீல டிரவுசரையே மாட்டினார். வேட்டியை என் பையில் வைக்கச் சொன்னார். தெருமுனையில் திரும்பும்போது என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தது.

நான் அரிசிப்பை, வெல்லம், மஞ்சள்குலை, செல்விக்கு அரக்குச் சேலை, பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு, கரும்புக்கட்டோடு பஸ் ஏறினேன். கரும்பைப் படிக்கட்டில் சாய்த்துவைத்ததற்குக் கண்டக்டர் முணுமுணுத்தார். "தம்பி, ஒன்பது வருசத்துப் பொங்கப்படி இது, பேசாம இரி" என்றேன். நாலாட்டின்புதூர் விலக்கு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இவர் ஓடிக்கொண்டிருந்தார். முதுகெல்லாம் வேர்வை. பஸ் தாண்டும்போது தலையை வெளியே நீட்டி, "வாங்க, வாங்க, நான் முந்தப்போறேன்!" என்று கத்தினேன். பஸ்ஸே சிரித்தது. அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். இந்த வயசில் எனக்கு வெட்கமாக வந்தது.

இடைசெவல் நிறுத்தத்தில் இறங்கி, சாமான்களை அங்கேயே நிழலில் வைத்துவிட்டு, ஆள் கூப்பிடலாமென்று செல்வி வீட்டுத் தெருவுக்குள் போனேன். வேப்பமரம் நின்றது. வீட்டு வாசல் தெளித்துப் பலநாளாகியிருந்தது. கதவில் பூட்டு.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். வள்ளித்தாய் என்று பேர் சொன்னாள். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "கோயில்பட்டி மதினியா? யம்மா, இப்பமா வாறிய?" என்றாள்.

நான் பூட்டைக் காட்டினேன்.

"போன புதன்கிழமை திருப்பூருக்குப் போயிட்டாங்கம்மா. பனியன் கம்பெனி வேலைக்கு. வெதச்சது பூராம் கருகிப்போச்சு, என்ன செய்வாக? கார்த்திகையிலயே கெளம்புறதா இருந்துச்சு. அவதான் மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னா. 'எங்கண்ணன் ஓடி வாராக, பாலம் வரைக்கும் வந்துட்டாக, இன்னும் ரெண்டு எட்டுதான், வரும்போது வீடு பூட்டிக் கெடந்தா அவிய மனசு என்ன பாடுபடும்'னு புருசன்கிட்ட ஒரே அழுக. அவரும் பாவம், ஒரு மாசம் பொறுத்தாரு. கம்பெனிக்காரன் வேற ஆளு பாக்கப்போறேன்னுட்டான். அதுக்கு மேல எப்படி இருக்க?"

"அவிய ஓடி வாரது இவளுக்கு எப்படித் தெரியும்?"

"கண்டக்டர் மந்திரமூர்த்தி சொல்லுவாருல்லா! சந்தைக்குப் போகும்போதெல்லாம் இவ கேப்பா, இப்ப எங்க வரைக்கும் வாராகன்னு. பெட்ரோல் பங்கு தாண்டியாச்சு, புளியமரம் தாண்டியாச்சும்பாரு. அண்ணன்கிட்ட மூச்சு விடாதியன்னு சத்தியம் வாங்கியிருந்தா. பாலத்துக்கு வந்ததுக்கப்புறம் கண்ணாலேயே பாத்தாளே. காலையில தண்ணிக்குப் போற சாக்குல இந்த மரத்தடியில நிப்பா. அவிய வந்து, நின்னு, திரும்பிப் போறத முழுசாப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவா."

"கூப்பிட்டிருக்கலாமே" என்றேன்.

"நானுந்தான் சொன்னேன். 'வேண்டாங்க்கா, நான் போயி நின்னா பாலத்தோட பேசிட்டுத் திரும்பிருவாக. இவ்வளவு தூரம் ஓடி வாரது என் வீட்டுப் படியேறத்தான். நடுவுல போயி நான் அதக் கெடுக்கக்கூடாது'ம்பா. ஒரு நா பஸ்ல இவ உள்ள இருக்கும்போது அவிய வழியில ஏறியிருக்காக. இவ முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டு, கோயில்பட்டி வரைக்கும் அண்ணன் முதுகப் பாத்துக்கிட்டே போயிருக்கா. மெலிஞ்சுட்டாக மெலிஞ்சுட்டாகன்னு எங்கிட்ட வந்து சொல்லி அழுதா."

நான் ரோட்டுக்கு ஓடினேன். இவர் தெருவுக்குள் வருவதற்குள் சொல்லிவிடவேண்டும். பாலத்தின் பக்கம் பார்த்தேன். அந்த நீல டிரவுசர் தெரிந்தது. பாலத்துக்கு வந்தார். நிற்கவில்லை. தாண்டிவிட்டார். இதற்காக நான் எத்தனை சாமிக்கு நேர்ந்திருப்பேன்! இப்போது திரும்பிப் போய்விடமாட்டாரா என்று இருந்தது.

"நீ எதுக்கு இங்கன நிக்க? சீரையெல்லாம் ரோட்டுலயா வைக்கது? தூக்கு, தூக்கு!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

"ஏங்க, நில்லுங்க. ஒரு நிமிசம் நில்லுங்க" என்று கையை நீட்டினேன்.

நின்றால்தானே! குனிந்து கரும்புக்கட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைத் தாண்டி ஓடினார். அப்படி ஒரு ஓட்டம் அவர் வாழ்நாளில் ஓடியிருக்கமாட்டார். தெருவுக்குள் நுழையும்போதே, "ஏட்டி செல்வி! ஏ செல்வி! பொங்கப்படி வந்திருக்குட்டி!" என்று கூப்பிட்டார். வீட்டுக்கு வீடு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. "செல்வி, அண்ணன் வந்திருக்கேம்ட்டி!" என்று கூப்பிட்டுக்கொண்டே போய்ப் படியேறி, பூட்டைப் பார்த்தார்.

நான் பின்னால் போய்ச் சேர்ந்தேன். எங்கே என்று கண்ணால் கேட்டார். "திருப்பூருக்கு. போன வாரம்" என்றேன். அப்புறம் வள்ளித்தாய் சொன்னது அத்தனையையும் சொன்னேன். மறைத்துவைத்துக்கொண்டு அந்த மனுசனோடு என்னால் பஸ் ஏறித் திரும்ப முடியாது. அவர் கரும்பை இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். மரத்தடியில் நின்று பார்த்தாள் என்று சொன்னபோது மரத்தைப் பார்த்தார். பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து வந்தாள் என்று சொன்னபோதுதான் படியில் உட்கார்ந்தார்.

வள்ளித்தாய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அவளைக் கேட்டார்:

"பஸ்ல எந்த சீட்டுல இருந்தான்னு ஏதும் சொன்னாளா தாயி?"

"அது நான் கேக்கலையே எய்யா."

சரி என்று தலையாட்டினார். தண்ணீரைக் குடிக்கவில்லை.

"சில்லறை வாங்கும்போது ஒரு தடவ பின்னால திரும்பியிருக்கலாம்ட்டி" என்று என்னிடம் சொன்னார்.